சியாட்டல் கட்டுரையில விட்டுப்போன டக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்புல சியாட்டல் நகரத்தப் பத்தி வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். ஸ்பேஸ் நீடில், பைக் பிளேஸ் மார்க்கெட்ல மீன தூக்கி வீசி பிடிக்கிறது, காபி கடை, விமானம் செய்ற ஃபேக்டரி எல்லாம் இருந்துச்சு, போட்டோவும் அருமை. ஆனா லேக் யூனியன் ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு அங்க கட்டியிருக்குற பழைய கப்பல்கள ஏதோ அழகுக்கு நிறுத்தி வச்சிருக்காங்கங்கற மாதிரி ஒரே வரியில முடிச்சிட்டு கட்டுரையாளர் அடுத்த ஹோட்டலுக்கு போயிட்டாரு. அது எனக்கு பொறுக்கல, அதான் எழுதுறேன். கடிதம் நீளமாத்தான் வரும். இடம் இல்லன்னு வெட்டுறதா இருந்தா என்னப் பத்தி வர்ற இடத்த வெட்டிக்கோங்க, கப்பலப் பத்தி இருக்குறத விட்டுடுங்க.

நான் கப்பல் இன்ஜின் ரூம்ல வேலை பாத்து, கடைசி காலத்துல துறைமுகத்துல டக்குங்கற இழுவைக் கப்பல்லயும் இருந்து ரிட்டயர் ஆனவன். பொண்ணு சியாட்டல்ல இருக்கு, எங்க வயசுக்காரங்க எல்லாரும் போற மாதிரி நானும் வீட்டுக்காரியும் பேரனப் பாத்துக்க போயிருந்தோம். அங்க அந்த ஏரிக்கரையில பச்சையும் வெள்ளையுமா பெயிண்ட் அடிச்ச ஒரு மர டக்கு நிக்கிது, பேரு ஆர்தர் ஃபாஸ். கட்டுனது 1889. ஈஃபில் கோபுரம் திறந்த அதே வருஷம், வாஷிங்டன் ஒரு மாநிலமா ஆனதும் அதே வருஷம், சியாட்டல் ஊரோட கடைத்தெரு பூராவும் தீப்பிடிச்சு எரிஞ்சு சாம்பலானதும் அதே வருஷம். இத்தனைக்கும் மரத்துல செஞ்ச டக்கு, இரும்பு இல்ல. மரக் கப்பல் இவ்வளவு காலம் தண்ணியில கிடக்குதுன்னா அது தானா கிடக்கல, யாரோ தலைமுறை தலைமுறையா அதுக்கு செலவு பண்ணிட்டே இருக்காங்கன்னு அர்த்தம், அந்த கதைதான் கட்டுரையில வந்திருக்கணும்.

டக்குன்னா பெரிய கப்பல துறைமுகத்துக்குள்ள இழுத்துட்டு வர்ற, தள்ளி விடுற சின்ன கப்பல்னு எல்லாருக்கும் தெரியும், பேப்பர்ல இழுவைக் கப்பல்னு எழுதுவீங்க. ஆனா அந்த காலத்துல டக்கோட வேலை வேற மாதிரி. ஆர்தர் ஃபாஸ் பொறந்தது ஆரிகன் மாநிலத்துல போர்ட்லேண்ட்ல, அப்ப பேரு வலோவா, கட்ட சொன்னது ஒரு ரயில்வே கம்பெனி, ஆரிகன் ரயில்வே அண்ட் நேவிகேஷன் கம்பெனி. ரயில் கம்பெனிக்கு டக்கு எதுக்குன்னு கேப்பீங்க. உள்நாட்டுல விளையிற கோதுமை போர்ட்லேண்டுக்கு வந்து சேரும், அங்கருந்து பாய்மரக் கப்பல்ல ஐரோப்பாவுக்கு போகணும், நடுவுல கொலம்பியா ஆறு கடல்ல விழுற முகத்துவாரம் இருக்கு பாருங்க, அது பொல்லாத இடம். ஆத்துத் தண்ணி அவ்வளவும் வேகமா வெளிய வரும், பசிபிக் அலை எதுக்க வரும், அடியில மணல் திட்டு இடம் மாறிட்டே இருக்கும். பசிபிக்கோட சுடுகாடுன்னே அந்த பக்கத்துக்கு பேரு, அங்க போன கப்பல் எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல. பாய்மரக் கப்பல் காத்த நம்பித்தான் வரணும், சரியான காத்து வர்ற வரைக்கும் வெளியவே நாள் கணக்கா காத்துக் கிடக்கணும், அவசரப்பட்டு உள்ள வந்தா மணல்ல ஏறி உடையணும். நீராவி இன்ஜின் வச்ச டக்கு வெளிய போய் கயித்த கொடுத்து இழுத்துட்டு வந்துச்சுன்னா கப்பலும் தப்பிச்சிது, கோதுமையும் தப்பிச்சிது. வலோவா செஞ்சது அதான்.

இந்த வேலையில ஆபத்து யாருக்குன்னா டக்குக்குத்தான். கயிறு நேர் பின்னால இருக்குற வரைக்கும் பிரச்சினை இல்ல. பின்னால வர்ற கப்பல் பெருசு, அது ஒரு பக்கமா ஓடி கயிறு பக்கவாட்டுல இழுத்துச்சுன்னா டக்க அப்படியே கவுத்துடும், நிமிஷம் கூட ஆகாது. இன்னைக்கு இருக்குற டக்குகளுக்கு அடியில புரொப்பெல்லர் நாலா பக்கமும் திரும்பும், நாலாயிரம் ஐயாயிரம் குதிரைத்திறன் இருக்கும், ஜாய்ஸ்டிக் மாதிரி ஒண்ண வச்சு ஓட்டிடுறாங்க, அப்பவும் விபத்து நடக்குது. ஒரே புரொப்பெல்லர், நீராவி இன்ஜின், மர உடம்பு, அத வச்சுக்கிட்டு அந்த முகத்துவாரத்துல வேலை பாத்தவங்கள நான் கையெடுத்துத்தான் கும்பிடணும்.

1898ல கனடாவுல கிளாண்டைக் பக்கம் தங்கம் கிடைக்குதுன்னு ஊரே வடக்க ஓடுன நேரத்துல வலோவாவும் அலாஸ்கா பக்கம் போயி பார்ஜ், அதாவது தட்டையான சரக்குத் தோணி, இழுத்துச்சு. தங்கத்தால பணக்காரங்க ஆனது தோண்டுனவங்க இல்ல, அவங்களுக்கு மண்வெட்டியும் மாவும் வித்து ஏத்தி அனுப்புன சியாட்டல் வியாபாரிங்கதான்னு அந்த ஊர்லயே சிரிச்சிக்கிட்டு சொல்வாங்க. அப்புறம் ஒரு மரக் கம்பெனி கைக்கு மாறி இருபது வருஷத்துக்கு மேல பியூஜெட் சவுண்ட் உப்பங்கழி பூராவும் மரக்கட்டை இழுத்துச்சு. இது கேக்க சாதாரணமா இருக்கும். காட்டுல வெட்டுன பெரிய பெரிய மரத்த தண்ணியில மிதக்க விட்டு, சுத்தி கட்டைய சங்கிலியில கோத்து வளைச்சு, தெப்பம் மாதிரி ஆக்கி, அத மில்லுக்கு இழுத்துட்டு போறது. வேகம் ஒரு நாட், ரெண்டு நாட், நடந்து போறவன் முந்திடுவான். எதிர் ஓதம் வந்தா முன்ன போகவே முடியாது, ஏதாவது ஒரு வளைவுல ஒதுங்கி நின்னு ஓதம் திரும்புற வரைக்கும் காத்திருக்கணும். அவசரப்பட்டு இழுத்தா சங்கிலி அறுந்து மரம் பூராவும் கடல்ல சிதறிடும், முதலாளிக்கு பதில் சொல்ல முடியாது. பொறுமைதான் அந்த வேலைக்கு மூலதனம்.

1929ல ஃபாஸ் கம்பெனி இத வாங்குனாங்க. இந்த ஃபாஸ் குடும்பத்தோட கதைய உங்க பேப்பர் மகளிர் பக்கத்துல தனியாவே போடலாம். தியா ஃபாஸ்னு ஒரு அம்மா, நார்வேயிலருந்து பொழைக்க வந்தவங்க, டகோமாங்கற ஊர்ல தண்ணியோரமா குடியிருந்தாங்க. வீட்டுக்காரர் ஆண்ட்ரூ தச்சு வேலை. அவர் வேலைக்கு வெளியூர் போயிருந்த நேரத்துல இந்தம்மா ஒரு பழைய துடுப்புப் படக 5 டாலருக்கு வாங்கி, தானே பச்சையும் வெள்ளையும் பெயிண்ட் அடிச்சு, லாபம் வச்சு வித்துட்டாங்க. வந்த காசுல இன்னும் ரெண்டு படகு, அப்புறம் வாடகைக்கு விட்டது, அப்புறம் மோட்டார் படகு, அப்புறம் டக்குன்னு போயி அமெரிக்க மேற்கு கரையிலயே பெரிய டக்கு கம்பெனி ஆயிடுச்சு. அந்த பச்சையும் வெள்ளையும்தான் இன்னைக்கு வரைக்கும் கம்பெனி கலர். கம்பெனி ஆரம்பிச்ச வருஷம் எதுன்னு பாத்தா அதுவும் 1889, இந்த டக்கு பொறந்த வருஷமே. எப்பவும் தயார்னு ஒரு வாசகம் வச்சிருந்தாங்க, அந்தம்மா 1927ல இறந்துட்டாங்க, இந்த டக்கு அவங்க கம்பெனிக்கு வந்தத அவங்க பாக்கல. டகோமாவுல ஒரு நீர்வழிக்கே அவங்க பேரு வச்சிருக்காங்க.

சினிமாவுலயும் நடிச்சிருக்கு இது. 1933ல எம்ஜிஎம் கம்பெனி எடுத்த டக்போட் ஆனி படத்துல வர்ற நார்சிசஸ்ங்கற டக்கு இதுதான், அதுல டக்கு ஓட்டுற பொம்பளையா வர்ற ஆனி பாத்திரத்துக்கு தியா ஃபாஸ்தான் முன்மாதிரின்னு சொல்வாங்க. போர்டுல இதத்தான் பெருசா எழுதியிருக்கும், வர்றவங்களும் இதுக்குத்தான் போட்டோ எடுப்பாங்க. எனக்கு சினிமா முக்கியம் இல்ல. அதுக்கு அடுத்த வருஷம் நடந்ததுதான் முக்கியம்.

1934ல ஃபாஸ் கம்பெனி இந்த டக்க கிட்டத்தட்ட பிரிச்சுப் போட்டு மறுபடி கட்டுனாங்க. நீராவி இன்ஜின கழட்டி எறிஞ்சிட்டு சியாட்டல்லயே செஞ்ச வாஷிங்டன் அயர்ன் வொர்க்ஸ் டீசல் இன்ஜின வச்சாங்க, 6 சிலிண்டர், 700 குதிரைத்திறன், அந்த காலத்துக்கு அது ராட்சசன். மேல கப்பல ஓட்டுற அறை, அதான் வீல்ஹவுஸ், எல்லாம் புதுசு. பேரும் ஆர்தர் ஃபாஸ்னு மாத்துனாங்க, அது தியாவோட மூத்த மகன் பேரு. அன்னைக்கு இருந்த ஒரு பழமை ஆர்வலர் இதப் பாத்திருந்தா ஐயோ பாரம்பரியம் போச்சேன்னு தலையில கை வச்சிருப்பாரு. ஆனா அத செய்யலன்னா இந்த டக்கு 1930கள்லயே விறகுக்கு போயிருக்கும். இன்னைக்கு நாம நின்னு வியந்து பாக்குற இன்ஜின் அன்னைக்கு மாத்தி வச்ச அந்த புது இன்ஜின்தான்.

இந்த இன்ஜினப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், தொழில் பாசம், மன்னிச்சிடுங்க. இதுல கிளட்ச் கிடையாது, கியர் பாக்ஸ் கிடையாது. இன்ஜின் சுத்துனா புரொப்பெல்லர் சுத்தும், அவ்வளவுதான். பின்னால போகணும்னா இன்ஜின சுத்தமா நிறுத்தி, வால்வுகள தொறந்து மூடுற கேம் ஷாஃப்ட்ட நகத்தி, மறுபடி எதிர் திசையில ஸ்டார்ட் பண்ணணும். ஸ்டார்ட் பண்றது பேட்டரியில இல்ல, சிலிண்டருக்குள்ள அழுத்தி வச்ச காத்த விட்டு பிஸ்டன தள்ளித்தான். அந்த காத்து ஒரு டேங்க்ல இருக்கும், அது தீந்தா முடிஞ்சிது. மேல கேப்டன் கையில ஆக்சிலேட்டர் மாதிரி எதுவும் கிடையாது, டெலிகிராஃப்ங்கற மணிக் கருவியில முன்னால, நில்லு, பின்னாலன்னு மணி அடிப்பாரு, கீழ இன்ஜினியர் அத பாத்து செய்யணும். ஒரு கேப்டன் பதட்டத்துல அடிக்கடி முன்ன பின்னன்னு மணி அடிச்சாருன்னா காத்து தீந்துபோயி டக்கு சும்மா மிதக்கும், அதனால நல்ல கேப்டன் யாருன்னா குறைவா மணி அடிக்கிறவன்தான், இது எந்த நாட்டு இன்ஜின் ரூம்ல கேட்டாலும் சொல்வாங்க. ஓட விடுறதுக்கு முன்னாடி மேல இருக்குற ராக்கர் ஆர்ம் ஒவ்வொண்ணுக்கும் ஆயில் கேன வச்சு கையால எண்ணெய் விடணும், இன்ஜின கொஞ்சம் கொஞ்சமா சுத்திப் பாக்கணும், சிலிண்டர்ல தண்ணி நின்னுருக்கான்னு அதுல இருக்குற சின்ன திறப்பு வால்வ தொறந்து காத்த விட்டு ஊதிப் பாக்கணும், அப்புறம்தான் ஸ்டார்ட். ஸ்டார்ட் ஆனதும் இப்ப இருக்குற இன்ஜின் மாதிரி கத்தாது, நிமிஷத்துக்கு 200 சுத்து அளவுலதான் ஓடும், ஒவ்வொரு சிலிண்டர் அடிக்கிறதும் தனித்தனியா காதுல விழும், கால்ல தெரியும்.

இதெல்லாம் புத்தகத்துல எழுதி வச்சு காப்பாத்த முடியாத விஷயம். எண்ணெய் எவ்வளவு விடணும், எந்த வால்வு கொஞ்சம் அடம் பிடிக்கும், சத்தம் எப்படி மாறுனா பயப்படணும்ங்கறது கையிலருந்து கைக்குத்தான் போகும். கப்பல நிறுத்தி வச்சு பெயிண்ட் மட்டும் அடிச்சா பத்து வருஷத்துல அந்த கை போயிடும், அப்புறம் இன்ஜின் வெறும் இரும்பு. அந்த டக்க வச்சிருக்குற நார்த்வெஸ்ட் சீபோர்ட் அமைப்பு இன்ஜின் ரூம் வேலைய வாலண்டியர்களுக்கு கத்துக்கொடுத்து அவங்கள வச்சே இன்ஜின ஓட விட்டு வந்திருக்காங்க, என்னக் கேட்டா அவங்க செஞ்சதுலயே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

போர்க் கதைய விட்டுட்டேன். 1941ல அமெரிக்க கடற்படைக்கு பசிபிக் தீவுகள்ல விமான தளம் கட்டுற கான்ட்ராக்டர்கள் ஆர்தர் ஃபாஸ வாடகைக்கு எடுத்திருந்தாங்க. வேக் தீவுன்னு ஒண்ணு, ஹவாயிலருந்து சுமார் 2,000 கடல் மைல் மேற்க, நடு சமுத்திரத்துல ஒரு துளி நிலம். அங்க சாமான் கொண்டுபோயிட்டு காலி பார்ஜ்கள இழுத்துக்கிட்டு டிசம்பர்ல கிளம்புச்சு. கிளம்பி சில மணி நேரத்துலயே பேர்ல் ஹார்பர்ல குண்டு, வேக் தீவுலயும் குண்டு. தாக்குதலுக்கு முன்னாடி அந்த தீவ விட்டு வெளிய வந்த கடைசி கப்பல் இதான். ரேடியோவுல சேதி கேட்டதும் டக்குல இருந்தவங்க பச்சையும் வெள்ளையுமா பளிச்சுன்னு இருக்கோமே, ஆகாயத்துலருந்து பாத்தா முதல்ல நாமதான் தெரிவோம்னு கையில இருந்த பெயிண்டையெல்லாம் கலந்து சாம்பல் கலராக்கி, ஓடிக்கிட்டு இருக்குற டக்குமேலயே அடிச்சாங்க. கையில துப்பாக்கி கிடையாது, வேகம் கிடையாது, பின்னால பார்ஜ் வேற. டிசம்பர் கடைசியில ஒரு வழியா பேர்ல் ஹார்பர் வந்து சேந்தாங்க. அதே கம்பெனியோட இன்னொரு டக்கு ஜஸ்டின் ஃபாஸ் வேக் தீவுல மாட்டிக்கிச்சு. தீவு டிசம்பர் 23ம் தேதி ஜப்பான்காரங்க கையில விழுந்துச்சு, பிடிபட்ட கட்டட வேலைக்காரங்கள்ல பெரும்பாலானவங்கள கப்பல்ல வேற முகாமுக்கு கொண்டு போனாங்க, வேலைக்குன்னு நிறுத்தி வச்ச 98 பேர 1943 அக்டோபர்ல சுட்டுக் கொன்னாங்க. அவங்க யாரும் சிப்பாய் இல்ல, கூலிக்கு வேலை செய்ய வந்தவங்க. ஒரே கம்பெனி, ஒரே வேலை, ஒண்ணு தப்பிச்சிது ஒண்ணு தப்பிக்கல, எது எப்ப கிளம்புச்சுங்கறதுலதான் இருந்திருக்கு விதி. அப்புறம் கடற்படை இத எடுத்து டோஹாசன்னு பேரு மாத்தி போர் முடியிற வரைக்கும் வேலை வாங்குனாங்க.

திரும்பி வந்து மறுபடி மரக்கட்டை. போர்ட் ஏஞ்சலஸ், நியா பே, ஹுவான் டி ஃபூகா ஜலசந்தி, அதே ரெண்டு நாட் வேகம். 1968ல வேலைய நிறுத்துனாங்க. 1970ல கம்பெனி இத வித்து காசாக்காம நான் மேல சொன்ன நார்த்வெஸ்ட் சீபோர்ட் அமைப்புக்கு தானமா கொடுத்துச்சு. 1989ல, நூறாவது வயசுல, தேசிய வரலாற்றுச் சின்னம்னு அமெரிக்க அரசு அறிவிச்சிது.

இங்கதான் உங்க வாசகர்களுக்கு ஒரு விஷயம் புரியணும். தேசிய சின்னம்னு பட்டியல்ல பேர் வந்துட்டா அரசாங்கம் காசு கொடுத்து காப்பாத்தும்னு நாம நினைக்கிறோம். அப்படி இல்ல. ஒரு பலகை தருவாங்க, மாட்டிக்கலாம், அவ்வளவுதான், செலவு உன் பாடு. இதுக்கு சாட்சி வேற எங்கயும் தேட வேண்டாம், ஆர்தர் ஃபாஸுக்கு பக்கத்துலயே நின்ன வவோனா போதும். 1897ல கலிபோர்னியாவுல கட்டுன மூணு பாய்மர ஸ்கூனர், 165 அடி, முதல்ல மரம் ஏத்துச்சு, அப்புறம் பேரிங் கடல்ல காட் மீன் பிடிச்சிது. அத காப்பாத்தணும்னுதான் 1964ல இந்த அமைப்பையே ஆரம்பிச்சாங்க, அப்ப பேரு சேவ் அவர் ஷிப்ஸ். ஆரம்பிச்ச காரணமே வவோனா, அந்த வவோனாவையே 2009ல உடைக்க வேண்டியதா போச்சு. தேசிய பட்டியல்ல அதுக்கும் பேர் இருந்துச்சு. நாப்பத்தஞ்சு வருஷம் கூட்டம் போட்டாங்க, வசூல் பண்ணாங்க, திட்டம் போட்டாங்க, ஒவ்வொரு வருஷமும் உளுத்துப்போன மரம் வசூலான காசவிட கொஞ்சம் கூடவே இருந்துச்சு. அந்த மக்கள குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா ஒண்ணு சொல்வேன், முழுசா மறுசீரமைக்க பெரிய தொகை வரும் வரும்னு காத்திருந்து வருஷாந்திர சில்லறை வேலைய தள்ளிப்போட்டா மரக் கப்பல் காத்திருக்காது.

சில்லறை வேலைன்னா என்னன்னு கேட்டா, முதல்ல மழைத் தண்ணி. கடல்ல மரக் கப்பலுக்கு எதிரி கப்பல் புழு, மரத்த உள்ளயே தொளைச்சு தேன்கூடு மாதிரி ஆக்கிடும். லேக் யூனியன் நல்ல தண்ணி ஏரி, அங்க அந்த புழு வாழாது, அந்த வகையில ஆர்தர் ஃபாஸுக்கு நல்ல இடம். ஆனா நல்ல தண்ணி மேலருந்து வந்தா அதுதான் எமன். சியாட்டல்ல வருஷத்துல பாதி நாள் தூறிக்கிட்டேதான் இருக்கும். டெக் பலகை இடுக்குல ஒரு சொட்டு இறங்கி உள் சட்டத்துல போய் தங்குச்சுன்னா பூஞ்சை பிடிக்கும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும், உள்ள விரல வச்சா மாவு. அந்த காலத்து மேஸ்திரிங்க சட்டத்துக்கு இடையில கல் உப்ப கொட்டி வைப்பாங்க, இறங்குற மழைத் தண்ணி உப்புத் தண்ணி ஆயிட்டா பூஞ்சை வராதுன்னு. அதனால பலகை இடுக்குக்கு சணல் திரி அடிச்சு கீல் ஊத்துற கலப்பத்து வேலை, மேல ஒரு ஒழுங்கான கூரை, காத்தோட்டம், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை கப்பல தண்ணியிலருந்து எடுத்து டாக்ல ஏத்தி அடிப்பக்கம் பாக்குறது, இதான் பாதுகாப்பு. இதுக்கு யாரும் காசு தர மாட்டாங்க. விழாவுக்கு தருவாங்க, புது போர்டுக்கு தருவாங்க, தண்ணிக்கு அடியில யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு பலகைய மாத்த காசு கேட்டா யோசிப்பாங்க. நம்ம ஊர் கோயில் தேர் மாதிரிதான் இதுவும், வருஷா வருஷம் இழுத்தா சக்கரம், அச்சு, சட்டம்னு எது கெட்டுப்போச்சோ அது மாறிக்கிட்டே வரும், கொட்டகையில பூட்டி வச்சா ஒரு நாள் தொறந்து பாக்கும்போது கரையான்தான் இருக்கும்.

பெரிய கப்பல் ஆசையால வந்த வினைக்கும் அதே ஊர்ல உதாரணம் இருக்கு. கலாக்கலான்னு ஒரு ஃபெர்ரி, 1935ல ஓட ஆரம்பிச்சது, வெள்ளி விமானம் மாதிரி உடம்பு, அந்த காலத்துல ஊருக்கே பெருமை. அலாஸ்காவுல மீன் பதப்படுத்துற கூடமா மண்ணுல கிடந்தத மீட்டு 1998ல ஊர்வலமா கொண்டுவந்தாங்க, ஜனம் கண்ணு கலங்க வரவேத்துச்சு. நிறுத்த இடம் கிடைக்கல, காசு கிடைக்கல, கை மாறி கை மாறி 2015ல டகோமாவுல உடைச்சாங்க. வரவேத்த கூட்டத்துல பத்துல ஒருத்தர் மாசம் ஒரு காபி காசு கொடுத்திருந்தா கதை வேற.

வேற ஊர்ல எப்படின்னு பாத்தா, சான் ஃபிரான்சிஸ்கோவுல ஹெர்குலிஸ்னு 1907ல கட்டுன நீராவி டக்கு இருக்கு, நியூ ஜெர்சியில கட்டி, தன்னோட ஜோடி டக்கையே பின்னால கட்டி இழுத்துக்கிட்டு தென்னமெரிக்கா அடியில மெகல்லன் ஜலசந்திய சுத்தி வந்து சேந்தது, பனாமா கால்வாய் அப்ப திறக்கல. அது தேசிய பூங்கா துறை கையில இருக்கு, சம்பளத்துக்கு ஆள் இருக்கு, அதனால கொஞ்சம் நிம்மதி. இங்கிலாந்துல டேனியல் ஆடம்சன்னு 1903 நீராவி டக்கு, மான்செஸ்டர் கப்பல் கால்வாய்ல ஓடுனது, 2004ல உடைக்கப் போற நேரத்துல ஒரு டக்கு கேப்டன் 1 பவுண்டு கொடுத்து வாங்குனாரு. சரி செய்ய லாட்டரி நிதியிலருந்து மட்டும் வந்தது முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல. கப்பலோட விலைக்கும் அத வச்சுக்குற விலைக்கும் உள்ள தூரத்த இதவிட தெளிவா யாரும் சொல்ல முடியாது. 2016ல அது மறுபடி ஓடுச்சு. அதுக்கு முன்னாடி பத்து வருஷம் வாலண்டியர்ங்க துருவ சுரண்டிக்கிட்டு இருந்தாங்க, பெரிய காசு அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு, கை வேலை நடக்குற இடத்துக்குத்தான் காசும் வரும்னு நான் நம்புறேன்.

எங்க பழைய நண்பர் ஒருத்தர், அவரும் கப்பல்காரர்தான், ஃபோன்ல பேசும்போது சண்டைக்கு வந்தாரு. 1889ல நீராவியில ஓடுன டக்கு, இப்ப டீசல் இன்ஜின், பாதி பலகை மாத்தியாச்சு, வீல்ஹவுஸ் மாத்தியாச்சு, பேரு மூணு தடவை மாறியாச்சு, இதுல எது பழசுங்கறாரு, உண்மையான பாதுகாப்புன்னா மறுபடி நீராவி இன்ஜின் வைக்கணும்ங்கறாரு. நான் ஒத்துக்கல. அப்படி வச்சா அது இன்னைக்கு செஞ்ச பொம்மை. 1934 இன்ஜினுக்கு இப்ப தொண்ணூறு வயசு தாண்டிடுச்சு, அந்த மாதிரி இன்ஜின் அந்த இடத்துலயே, அந்த அஸ்திவாரத்துலயே இருக்குறதுதான் அபூர்வம். வேலைக்கு ஏத்த மாதிரி மாறி மாறி வந்ததுதான் இந்த டக்கோட வரலாறு, அத அழிச்சிட்டு முதல் பக்கத்துக்கு போறது எனக்கு நியாயமா படல. அவரு இன்னும் ஒத்துக்கல, உங்க வாசகர்கள்ல கப்பல்காரங்க இருந்தா அவங்க கருத்தையும் கேட்டு போடுங்க.

கடைசியா, குழந்தைங்கள பாக்க சியாட்டல் போற வாசகர்களுக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேர் போறாங்க. டவுன்டவுன்லருந்து லேக் யூனியன் பார்க் வரைக்கும் ஸ்ட்ரீட்கார் ஓடுது, இறங்குனா கண்ணு முன்னாலயே கரை. பக்கத்துல வரலாறு தொழில் அருங்காட்சியகம், பழைய கடற்படை கட்டடத்துல இருக்கு, அதுக்குள்ள வவோனாவோட மரத்த வச்சே ஒரு சிற்பம் செஞ்சு தரையத் தாண்டி தண்ணி வரைக்கும், கூரையத் தாண்டி வெளிய வரைக்கும் நிறுத்தியிருக்காங்க, முதல்ல அத பாத்துட்டு அப்புறம் வெளிய வந்து ஆர்தர் ஃபாஸ பாருங்க, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியும். கப்பல்ல ஏற விடுற நாளா பாத்து போங்க, மேல கேபின்ல நின்னு போட்டோ எடுத்துட்டு திரும்பிடாம அங்க இருக்குற வாலண்டியர்கிட்ட இன்ஜின் ரூம் பாக்கலாமான்னு கேளுங்க, கேட்டா அவங்க முகத்துல வர்ற சந்தோஷமே தனி. உண்டியல் இருந்தா ரெண்டு டாலர் போடுங்க. உங்க கட்டுரையாளர் மறுபடி போறதா இருந்தா அவருக்கும் சொல்லிடுங்க, கீழ இறங்குற ஏணி செங்குத்தா இருக்கும், எல்லா இடத்துலயும் எண்ணெய் இருக்கும், நல்ல சட்டை போட்டுட்டு போக வேண்டாம்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு மரைன் இன்ஜினியர்,
தூத்துக்குடி.